பினாங்கு முனை, கோண்டாவில் முனை

1

நான் பினாங்குக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த வாரத்தில் எங்கள் கூடத்துத் தொலைபேசி நின்றுபோனது. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால், “அதுக்கென்ன, வட்ஸப் இருக்குத்தானே” என்பார்கள். இருக்கிறது. வீட்டில் மூன்று பேரிடமும் கைபேசி இருக்கிறது. நான் சொல்வது வேறு தொலைபேசி. சுருள் வயரும் கைப்பிடியுமாக, அலமாரியின் மேல் என் மனைவி மலர் விரித்த பூத்துணியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு அழைக்கக்கூடியவர் ஒரேயொருவர்தான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் அப்பா.

அப்பா சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவருடைய ஞாபகம் கலைந்துகொண்டு வருகிறது. கைபேசியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய் என்று தடவிப் பார்ப்பார். திரையில் என் முகம் தெரிந்தால் தொலைக்காட்சி என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். மேசைத் தொலைபேசி அப்படியில்லை. கைப்பிடியை எடுத்துக் காதில் வைக்கிற பழக்கம் சங்கக்கடையில் இருந்த காலத்திலிருந்தே அவர் கையில் ஊறிப்போனது. மண்டை மறந்தாலும் கை மறக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நெட்வொர்க் வேலை. அங்கே பழைய ஃபயர்வால் பெட்டிகளை மாற்றியபோது இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இணையம் உள்ளே வரும் வாசலில் காவல் நிற்கிற பெட்டி அது. ஒரு தடித்த அகராதியின் அளவு இருக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே இரகசியச் சாவியைக் கொடுத்துவிட்டால் அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துக் கைகோத்துக்கொள்ளும். நடுவில் கடல் கிடந்தாலும் இரண்டு வீடும் ஒரே வீடுபோல ஆகிவிடும். எங்கள் தொழிலில் இதற்கு டனல் என்று பெயர். ஒரு பெட்டியை இங்கே வைத்துக்கொண்டு மற்றதை உடுக்கிற சாரங்களுக்கு நடுவே சுற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பாவின் கட்டிலருகே ஒரு தொலைபேசி வைத்தேன். அதில் ஒரு பொத்தானை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் நாடா ஒட்டினேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் பினாங்கில் மணியடிக்கும். அதோடு நாலு கமராக்களும் பொருத்திப் பூட்டிவிட்டு வந்தேன். ஒன்று அப்பாவின் அறையில், மற்றவை விறாந்தையிலும் கேற்றடியிலும் கிணற்றடியிலும்.

அதன் பிறகு அப்பா அழைத்துக்கொண்டே இருந்தார். வைத்த கை எடுக்குமுன் மறுபடி அழைப்பார். சில நாட்களில் நான் அவருக்கு மகன், ‘தம்பி’ என்பார். சில நாட்களில் மண்ணெண்ணெய் அனுப்பாத தலைமைக் காரியாலயத்து எழுத்தர். “எப்ப அனுப்பப் போறியள், சனம் வரிசையில நிக்குது” என்று கோபிப்பார். “நாளைக்கு ஐயா” என்பேன். வைத்துவிடுவார். வேலைக்கு நடுவில் அழைப்பு என் கைபேசிக்குத் திருப்பிவிடப்பட்டு வந்தால், “அப்பா, மீட்டிங்கில இருக்கிறன், பேந்து எடுக்கிறன்” என்று முடித்துவிடுவேன். பேந்து என்றால் பிறகு. இந்தச் சொல்லை மலர் எங்கள் கல்யாணமான புதிதில் ஒரு ஆளின் பெயர் என்று நினைத்திருந்தாள். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவள் அவள். என் தமிழை இன்றைக்கும் பாதிதான் பிடிக்கிறாள். நானும் அவளுடையதை அப்படித்தான்.

2

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலரும் மகள் தர்ஷினியும் ஃபெரிப் படகு ஏறி மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் பெட்டிக்கு அப்டேட் போட்டுவிட்டுச் சமையலறையில் தேத்தண்ணீர் வைத்தேன். பாயா தெருபோங் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு பெரிய இடி, உடனே கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பெட்டியின் விளக்கு பச்சையாக எரியாமல் செம்மஞ்சளாக மினுங்கியது. எழும்பப் பார்த்து விழுந்தது. மறுபடி எழும்பப் பார்த்து விழுந்தது. பாதி எழுதிய நிலையில் உள்ளே இருந்த மென்பொருள் உடைந்துவிட்டது.

ஒரே வழிதான். முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். வேலையிடத்தில் நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். கன்சோல் வயரைச் செருகி, பெட்டி எழும்புகிற நேரத்தில் நிறுத்தி, உள் நினைவகத்தைத் துடைத்து, பென் டிரைவிலிருந்து புதிய மென்பொருளை ஏற்றுவது. அழிப்பது சுலபம். லைசென்ஸைக் காப்பாற்றுவதில்தான் கவனம் வேண்டும். அந்தப் பெட்டியின் தொடர் எண்ணோடு பிணைந்த லைசென்ஸ் இன்னும் சில வருடங்களுக்கு உயிரோடு இருந்தது. அது இல்லாவிட்டால் டனல் வேலை செய்யாது. புதிதாக வாங்குவதென்றால் கம்பெனிகளுக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும். துடைத்த பெட்டி பச்சைக் குழந்தைபோல எழும்பி, ‘நான் புதியவனா?’ என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போச்சு. இல்லை, ஏற்கெனவே பதிந்தவன் என்று சொல்லி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து லைசென்ஸ் கோப்பை இறக்கிக் கொடுக்க வேண்டும்.

நான் சரியாகத்தான் சொன்னேன். தளம்தான் விடவில்லை. உரிமையாளரை உறுதிப்படுத்தவும் என்று நின்றது. உதவி எண்ணுக்கு அழைத்தேன். எந்த நாட்டிலிருந்தோ ஒரு பெண் மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினார். தொடர் எண்ணை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

“இந்தப் பெட்டி மிஸ்டர் அப்பா என்பவரின் பெயரில் இருக்கிறது. அவருடைய சம்மதம் வேண்டும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. பதிவு செய்த அன்றைக்கு, பெயர் என்ற கட்டத்தில், இது எந்த வேலைக்கான பெட்டி என்று எனக்குத் தெரிவதற்காக ‘அப்பா’ என்று எழுதியிருந்தேன்.

“அது ஒரு ஆளின் பெயரில்லை. தகப்பன் என்று அர்த்தம்” என்றேன்.

“மன்னிக்கவும் ஐயா. திரையில் பெயராகத்தான் காட்டுகிறது. மிஸ்டர் அப்பா பக்கத்தில் இருக்கிறாரா?”

“இல்லை. தூரத்தில் இருக்கிறார்.”

“அவர் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடியுமா?”

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தொடர் எண்ணைப் பார்த்தேன். பிறகு, “நான்தான் அப்பா” என்றேன். பொய்யில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவர் ஏதேதோ கேள்விகள் கேட்டார். கடைசியில், “நன்றி மிஸ்டர் அப்பா” என்று சொல்லி வைத்தார். கோப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்து ஏற்றினேன். லைசென்ஸ் செல்லுபடியாகும் என்று பச்சை எழுத்தில் வந்ததும் மலரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்ப சரியாப் போச்சா?” என்றாள்.

“சரி” என்றேன்.

சரியாகவில்லை. பழைய அமைப்புகளின் நகலைத் திரும்ப ஏற்றியபோது எல்லாம் வந்தன, இரகசியச் சாவியைத் தவிர. பழைய நிறுவலுக்கு மட்டும் விளங்குகிற விதத்தில் அது பூட்டப்பட்டிருந்தது. புதிய நிறுவலால் அதைத் திறக்க முடியவில்லை. நீண்ட, அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் அது. பாதுகாப்பு என்று நான் எங்குமே எழுதி வைக்கவில்லை. சரி, புதிய சாவி போடலாம் என்றால், இரண்டு முனையிலும் போட வேண்டும். கோண்டாவில் பெட்டிக்குள் டனல் வழியாக மட்டுமே நுழையலாம் என்று கட்டுப்பாடு வைத்தவனும் நான்தான். டனல் இல்லாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் டனல் வராது. யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குள் போய், அந்தப் பெட்டியில் ஒரு மடிக்கணினியைச் செருக வேண்டும்.

3

வசந்தி என் தங்கச்சி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அப்பாவை இரவும் பகலும் தனியே விட முடியாத நிலை வந்தபோது நேரத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டாள். கல்யாணம் செய்யவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தொழில்நுட்பக்காரரைப் பிடித்து, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் மதியம் என்னை அழைத்தார். “அண்ணை, அக்கா கேற்றடியிலயே நிப்பாட்டிப் போட்டா. தேத்தண்ணி தந்தவா, ஆனா உள்ள விடேல்ல.”

நான் வசந்தியை அழைத்தேன்.

“ஏன் பிள்ளை அந்தாளைத் திருப்பி அனுப்பினனீ?”

“அது நிண்டது நிண்டதாவே இருக்கட்டும் அண்ணா.”

“உனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் செருகிப்போட்டுப் போயிடுவார். கால்மணித்தியாலம்.”

“கால்மணித்தியாலம் எண்டுதான் முதலும் பூட்டினனீங்கள்.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அண்ணா, அப்பாவைப் பாக்கத்தான் கமரா எண்டீங்கள். நீங்கள் அப்பாவைப் பாக்கேல்ல. என்னைத்தான் பாத்தனீங்கள். கேற் திறந்து கிடக்கு எண்டு போன் எடுப்பீங்கள். அப்பாவின்ர சாரம் நனைஞ்சிருக்கு, கவனிக்கேல்லையோ எண்டு எடுப்பீங்கள். நான் அப்பத்தான் மாத்திப்போட்டு மற்றச் சாரத்தைத் தோய்ச்சுக்கொண்டு நிப்பன்.”

“உதவியா இருக்கட்டும் எண்டுதான்...”

“தெரியும். உதவிக்குத்தான். ஒருநாள் கிணத்தடியில இருந்து அழுதுகொண்டிருந்தன். அப்பா எனக்கு அடிச்சுப்போட்டார், அண்டைக்குத்தான் முதல்தரம். நீங்கள் உடன எடுத்தீங்கள். நான் நினைச்சன், பாத்திட்டார், ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லப்போறார் எண்டு. பைப் திறந்திருக்கு, தண்ணி வீணாப்போகுது எண்டீங்கள்.”

நான் திகைத்துப் போனேன். அந்தக் கமராவில் பைப்பும் தொட்டியும் கிணற்றுக் கட்டின் ஒரு ஓரமும்தான் தெரியும். கட்டின் மற்றப் பக்கத்தில் யாரும் இருந்தால் தெரியாது. அதைச் சொன்னேன். சத்தியமாக அவளை நான் காணவில்லை என்றேன்.

“பூட்டேக்க, ஒரு மூலையும் விடேல்ல, எல்லாம் தெரியுது எண்டுதானே சொன்னீங்கள்” என்றாள்.

சொன்னேன்தான். அப்போது எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருந்தது. பழைய படங்களை எடுத்துக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் அவை பெட்டியைத் துடைத்தபோதே போய்விட்டன. இருந்தாலும் காட்டியிருப்பேனா? ஒருத்தி அழுததைக் காணவில்லை என்று படம் காட்டி நிரூபிப்பது என்ன மாதிரியான ஆறுதல்?

“வசந்தி, கமராவைக் கழட்டிவிடு. எனக்கு வேண்டாம். தொலைபேசி மட்டும் இருக்கட்டும். அப்பா அழுத்துவார், நான் இல்லாட்டி...”

“பேந்து பாப்பம் அண்ணா” என்றாள்.

4

நேரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது வந்த பிறகு அதை வைத்து இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மலர் கூட வந்து கவுண்டருக்கு முன்னால் உட்கார வேண்டும், கல்யாணம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக. அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவாள். எத்தனை வருடம் ஆனாலும் அந்த நாற்காலியில் இருக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ பொய் சொல்லப் போகிறவர்கள் மாதிரி முகம் மாறிவிடும். இவை முடியும்வரை நான் எங்கும் போக முடியாது. அதற்குள் எத்தனையோ நடக்கலாம்.

வீட்டில் மணியடிக்காதது முதல் வாரம் எனக்கு மட்டும்தான் உறுத்தியது. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ தர்ஷினி சாப்பாட்டு மேசையில் சொன்னாள், “வீடு இப்பதான் அமைதியா இருக்கு.” சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். “சாரிப்பா.”

“அவ சும்மா சொல்றா லா. பரீட்சை டென்ஷன்” என்றாள் மலர். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “நீங்களும் கொஞ்சம் தூங்குறீங்கதானே இப்ப” என்றாள். அது உண்மை. தூங்கினேன்.

தர்ஷினியைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த அப்பப்பா ஒரு தொலைபேசிக் குரல்தான். அவள் ‘தாத்தா’ என்பாள், அவர் “ஆர் தாத்தா? நான் உனக்கு அப்பப்பா” என்பார், அடுத்த அழைப்பில் இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். ஒருமுறை நான் குளித்துவிட்டு வந்தபோது கைப்பிடியைப் பொத்திக்கொண்டு, “அப்பா, தாத்தா வீட்ட விக்கப் போறாரா? ஏலம், ஏலம்னு சொல்றாரு” என்றாள். ஓடிப்போய் வாங்கிக் கேட்டேன். “ஏலாது தம்பி, ஏலாமக் கிடக்கு” என்று முனகிக்கொண்டிருந்தார். உடம்பு முடியவில்லை என்று அவர் சொன்னது அவளுக்கு ஏலமாகக் கேட்டிருக்கிறது. வசந்தியை அழைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் செய்தேன். நெஞ்சில் சளி. அன்றைக்குத் தொலைபேசி இருந்தபடியால் தப்பினார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அவரை ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனவளைப் பற்றி எதுவும் சொன்ன ஞாபகம் இல்லை.

தர்ஷினிக்கு அடுத்த வருடம் கோலாலம்பூரில் படிப்பு. அதற்கு இப்போதே சூட்கேஸ் பார்க்கிறாள். பேச்சுவாக்கில் ஒருநாள், அங்கே போனதும் அவளுக்கும் ஒரு பொத்தான் தொலைபேசி வைத்துத் தருகிறேன் என்றேன். பகிடிக்குத்தான், விளையாட்டாகச் சொன்னேன்.

“வேணாம்பா” என்றாள், மிகவும் அன்பாக.

5

வசந்தியோடு கைபேசியில் கதைப்பது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பேன். சாப்பாடு, மருந்து, மின்சாரக் கட்டணம். டனல் பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு மட்டும் என்னால் முடியவில்லை.

“அப்பா பொத்தானை அழுத்திறாரோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

“மணி போகாதே. அவருக்கு ஏக்கமா இருக்காதோ?”

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அண்ணா, கேட்டுக் கவலைப்படாதேங்கோ. அவர் உங்களோட கதைக்கிறார்.”

“என்னோடயோ?”

“எடுத்து, அழுத்தி, காதில வைச்சுக்கொண்டு கதைக்கிறார். அங்கால ஒண்டும் கேக்காது. அவருக்கு அது தெரியேல்ல. முந்தி நீங்கள் மீட்டிங், பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சிடுவீங்கள். உடன மறந்துபோய்த் திரும்ப அழுத்துவார், பிறகு கோவிச்சுக்கொண்டு சாப்பிடமாட்டார். இப்ப ஆரும் வைக்கிறேல்ல. விரும்பின அளவு கதைச்சுப்போட்டு, சந்தோசமா எழும்பி வந்து சாப்பிடுறார். என்னோட சண்டையும் குறைவு.” குரலைத் தாழ்த்தினாள். “அதுதான் அந்தாளை உள்ள விடேல்ல. கமராவால மட்டும் இல்லை.”

நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலர் தூசி தட்டி வைத்திருந்தாள்.

“நான் ஒருக்காக் கேக்கலாமோ?” என்றேன்.

“என்னத்தை?”

“அவர் கதைக்கிறதை.”

அவள் யோசித்தாள். “இப்பவும் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறார். பொறுங்கோ. நீங்கள் சத்தம் போடாதேங்கோ.”

செருப்புச் சத்தம், காகம், கதவு. பிறகு அப்பாவின் குரல். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்துக்குப் பிறகு கேட்டிராத குரல் அது. முனகலும் கோபமும் இல்லாமல், வேலை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கிறவரின் குரல்.

“...அரிசி இறக்கியாச்சு. ஒரு மூடை கிழிஞ்சுபோச்சு, அதை நான் எழுதிப்போட்டன். நீ காசுக்கு யோசியாதை, பரீட்சையைப் பார். கம்பஸ் சாப்பாடு சரியில்லையெண்டா அம்மாட்டைச் சொல்லி மா வறுத்து விடுறன். ஓம்... ஓம்... என்ன?” அவர் நிறுத்தினார். கேட்கிறார். உண்மையாகவே, பதிலுக்கு இடம் விட்டு, கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பிடியோ? அவன் அப்பிடித்தான். நீ உன்ர பாட்டில இரு.”

நான் சத்தம் போடாமல்தான் இருந்திருக்க வேண்டும். வாயில் வந்துவிட்டது.

“அப்பா.”

பேச்சு நின்றது.

“ஆர் பிள்ளை அது?”

“அண்ணாதான், அப்பா” என்றாள் வசந்தி. “பினாங்கிலயிருந்து.”

“அப்பா, நான்தான்” என்றேன். “நான் கதைக்கிறன்.”

“வசந்தி, ஆரையாவது பிடிச்சுக்கொண்டு வந்து கரைச்சல் தராதை” என்றார் அப்பா. “நான் தம்பியோட கதைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன். பேந்து எடுக்கச் சொல்லு.”

வசந்தி கைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டாள்.

“கடவுச்சீட்டு வந்தா வாங்கோ அண்ணா” என்றாள்.

“வாறன்.”

“வைக்கட்டோ?”

“வை” என்றேன். அவள் வைப்பதற்குள், உள்ளே அறையில் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. வாய்விட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். நான் ஏதோ நல்ல பகிடி சொல்லியிருக்க வேண்டும்.